ஒரு தொட்டில், இரண்டு பாட்டிகள்: பிள்ளை வளர்ப்பில் எழும் போட்டியைக் கையாள்வது எப்படி?

தலைச்சன் பிள்ளை பிறந்த வீட்டில் முதல் நாற்பது நாட்களுக்குள் உண்டாகும் மனக்கசப்பு, அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வரையிலும் நீள்வதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். என் வீட்டிலும் அது நடந்தது. மகளுக்கு ஆண்பிள்ளை பிறந்தபோது நான் அம்மாச்சி; நான்கு ஆண்டுகள் கழித்து மகனுக்குப் பெண்பிள்ளை பிறந்தபோது நான் அப்பத்தா. முதல் முறை எந்தக் காரியத்துக்காகச் சம்பந்தியம்மாளைக் குறை கூறினேனோ, அதே காரியத்தை இரண்டாம் முறை நானே செய்தேன் என்பதை மிகத் தாமதமாகத்தான் உணர்ந்தேன். எனவே இது நன்றாக நடந்துகொண்ட ஒருத்தி கூறும் அறிவுரை என்று யாரும் எண்ண வேண்டாம். பிள்ளையின் தாய் தகப்பனை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். பாட்டிமார் படித்தாலும் நல்லது.

முதலில் சண்டை எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம். நம் பக்கத்து வழக்கப்படி தலைப்பிரசவம் தாய்வீட்டில். வளைகாப்பு முடிந்து பெண்ணை அழைத்துச் செல்கிற நாள் முதல், மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பிள்ளையுடன் திரும்ப வருகிற நாள் வரை, குளிப்பாட்டுவதும் தாலாட்டுவதும் அம்மாச்சியின் கையில் இருக்கின்றன. பெயர் வைப்பதும், "எங்கள் வம்சம்" என்று சொல்லிக்கொள்வதும் அப்பத்தா வீட்டின் உரிமை. பிள்ளை ஒருவர் மடியிலும் உரிமை இன்னொருவர் வாயிலும் மூன்று மாதம் இருந்தால், எவ்வளவு நல்ல குணமுள்ள இரண்டு பெண்களாக இருந்தாலும் உரசல் வரத்தான் செய்யும். அதனால் "யாருடைய குணம் சரியில்லை" என்ற ஆராய்ச்சியில் இறங்காதீர்கள். வேலையை எப்படிப் பிரிப்பது என்ற கேள்விக்கு நேராக வந்துவிடுங்கள். இந்தக் கட்டுரை முழுவதும் அதைப் பற்றியதுதான்.

ஒரு சிறு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். மருமகளுக்கு எட்டாம் மாதம் நடக்கும்போது, என் கணவரின் பழைய பருத்தி வேட்டிகள் இரண்டைக் கிழித்து, ஓரம் மடித்துக் கையால் தைத்து, கொதிநீரில் இரண்டு முறை அலசி, வெயிலில் காயவைத்து, இருபத்து நான்கு துணிகளை ஒரு மஞ்சள் பையில் அடுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பேத்தி பிறந்த இரண்டாம் மாதம் அதே பை, நான் மடித்த மடிப்புக் கலையாமல், "டயப்பரே போதும்னு இருக்கோம், அத்தை" என்ற ஒரு வாக்கியத்துடன் திரும்பி வந்தது. பேருந்தில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது எனக்கு ஆத்திரமாக இருந்தது. பாதி வழியில்தான், நான்கு ஆண்டுகளுக்கு முன் என் சம்பந்தியம்மாள் டப்பாவில் கொண்டுவந்த உரைமருந்தை, "எங்க டாக்டர் ஒண்ணும் கொடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாரு" என்று சொல்லி நான் அலமாரியின் மேல்தட்டில் ஏற்றியது நினைவுக்கு வந்தது. நான் சொன்னது மருத்துவப்படி சரிதான். ஆனால் அந்த அம்மாள் அதை எத்தனை நாள் உட்கார்ந்து காயவைத்திருப்பார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிள்ளை பிறப்பதற்கு முன்பே பேசி முடிக்க வேண்டியவை

வளைகாப்பு நாளன்று எதையும் பேசாதீர்கள். அன்று பேசுவதெல்லாம் சபையில் பேசியதாகிவிடும். அது முடிந்து ஒரு வாரத்துக்குள், கணவனும் மனைவியும் முதலில் தங்களுக்குள் முடிவு செய்துகொண்டு, பிறகு கணவன் தன் பெற்றோரிடமும் மனைவி தன் பெற்றோரிடமும் தனித்தனியே சொல்ல வேண்டும். எந்த மருத்துவமனை, பிரசவத்தின்போது உடன் இருப்பவர் யார், தாய்வீட்டில் எத்தனை மாதம், பிள்ளைக்கு எந்த மருத்துவர் என்ற நான்கும் தெளிவாக இருந்தால் பாதி வழக்கு எழாது. பல மருத்துவமனைகளில் இரவில் ஒருவரை மட்டுமே துணைக்கு அனுமதிப்பார்கள். அங்கே வாசலில் நின்றுகொண்டு இரண்டு பாட்டிகளில் யார் என்று தீர்மானிப்பதைப் போன்ற சங்கடம் வேறில்லை. இதில் பிரசவிக்கிறவளின் விருப்பமே விருப்பம். பெரும்பாலும் அவள் தன் தாயைத்தான் கேட்பாள். மாமியார் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தையல் போட்ட உடம்போடு கழிப்பறைக்கு எழுந்து போக, யாரிடம் கூச்சமில்லையோ அவர்தானே வேண்டும்.

பிறந்த செய்தியைச் சொல்வதில்கூட ஒரு முறை இருக்கிறது. அம்மாச்சி மருத்துவமனையிலேயே இருப்பதால் அவருக்கு முதலில் தெரிந்துவிடும். அவர் உடனே தன் உறவினர் குழுவில் படத்தைப் போட, அங்கிருந்து சுற்றி அது அப்பத்தாவின் கைப்பேசிக்கு வந்து சேர்ந்தால், அந்த வருத்தத்தை ஆறாம் மாதம் வரை கேட்க வேண்டியிருக்கும். தகப்பன் தன் தாய்க்கு நேரில் பேசிச் சொல்லும் வரை யாரும் படம் அனுப்பக் கூடாது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலையைப் பிரிக்கும் முறை

பாலும் தூக்கமும் தாயின் முடிவு. மருந்தும் தடுப்பூசியும் மருத்துவரின் முடிவு. மீதமுள்ள அனைத்தும், அதாவது குளிப்பாட்டுதல், எண்ணெய் தேய்த்தல், தாலாட்டு, துணி, தாய்க்கான பத்தியச் சாப்பாடு, வருகிறவர்களைக் கவனித்தல் ஆகியவை, பாட்டிமார் பிரித்துக்கொள்ள வேண்டியவை. ஒரு வேலைக்கு ஒருவரே பொறுப்பு. அந்த வேலை நடக்கும்போது மற்றவர் யோசனை சொல்லக் கூடாது. கேட்பதற்குக் கடுமையாகத் தோன்றினாலும், இந்த ஒரு கட்டுப்பாடு இருந்தால் பெரும்பாலான வீடுகளில் வேறொன்றும் தேவைப்படாது.

அப்பத்தா வேறு ஊரில் இருந்தால் அவருக்கும் ஒரு நேரம் கொடுங்கள். மாலை ஏழு மணிக்குக் காணொளி அழைப்பு என்றால் நாள் தவறாமல் ஏழு மணிக்கு இருக்க வேண்டும். தூங்குகிற பிள்ளையைக் காட்டினாலும் போதும். அவர் நேரில் வந்து தங்கும் இரண்டு மூன்று நாட்களில் பிள்ளையைக் குளிப்பாட்டும் பொறுப்பை முழுவதும் அவரிடம் விட்டு, அம்மாச்சி சமையலறைக்குள் போய்விட வேண்டும். வாசலில் நின்று எட்டிப் பார்ப்பதும் கண்காணிப்புத்தான் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன்.

தாத்தாக்களிடம் இந்தப் போட்டியை நான் கண்டதில்லை. ஈரத்துணி அலசும் பொறுப்பு எந்தத் தாத்தாவிடமும் இல்லாததால் அவர்களுக்குச் சமாதானம் எளிதாகிறது.

பால் போதவில்லை என்ற வழக்கு

எல்லாச் சண்டைகளிலும் இதுவே பெரியது. தாயின் மனத்தை ஆழமாகக் காயப்படுத்துவதும் இதுவே. பிள்ளை அழுதால் ஒரு பாட்டி "பால் பத்தல" என்பார். இன்னொருவர் "எங்க பக்கத்துல எல்லாருக்கும் பால் நல்லா சுரக்கும்" என்பார். இரண்டும் பால் தரும் பெண்ணின் நெஞ்சில்தான் விழும். இதற்கு வாதத்தால் விடை காண முடியாது, அளவுகளால் முடியும். பிறந்த குழந்தை முதல் சில நாட்களில் எடை குறைவது இயல்பு. மூன்று கிலோவில் பிறந்த குழந்தை 2.7 கிலோ வரை இறங்கி, பத்து முதல் பதினான்கு நாட்களுக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும். பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் மருத்துவர் பார்க்க வேண்டும். அதன் பிறகு முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 20 முதல் 30 கிராம் ஏறினால் பால் போதுகிறது என்று பொருள். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளில் ஆறு முறையாவது சிறுநீர் கழிப்பது வீட்டிலேயே தெரிகிற அடையாளம். பச்சிளம் குழந்தை நாளுக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் குடிக்கும்; ஒரு மணி நேரத்துக்குள் மறுபடியும் கேட்பது பால் போதாமைக்குச் சாட்சி ஆகாது.

ஆகவே குழந்தையை எடை போடும் நாளில் இரண்டு பாட்டிகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42 ஆம் நாட்களில் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கே வந்து பார்ப்பது தேசிய அளவில் வகுக்கப்பட்ட ஏற்பாடு. உங்கள் பகுதிச் செவிலியர் வருகிற நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு, அன்று இருவரும் வீட்டில் இருக்குமாறு பார்த்துக்கொள்ளலாம். மருமகள் சொன்னால் எதிர்வாதமாகத் தோன்றுகிற ஒரு செய்தி, செவிலியர் சொன்னால் தகவலாக இறங்கும். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம், சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டக் கூடாது என்பனவற்றையெல்லாம் அவர் வாயாலேயே கேட்டுக்கொள்ளட்டும்.

சேனை, உரைமருந்து, மை

பிள்ளை பிறந்ததும் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ நாக்கில் தொட்டு வைக்கும் சேனை வழக்கத்தில், யார் கையால் வைக்கிறார்களோ அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்ற நம்பிக்கை இருப்பதால், உரிமைப் போட்டியும் சேர்ந்துவிடுகிறது. ஒரு வயது முடியும் வரை தேனைத் தொடவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரியின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைத் தளரச் செய்யும் நஞ்சை உண்டாக்கும். இதில் எந்தச் சமரசமும் கிடையாது. ஆனால் அந்தச் சடங்கு கொடுக்கிற மரியாதையை வேறொன்றுக்கு மாற்றிக் கொடுக்கலாம். என் பேத்திக்கு அத்தை முறையான என் மகள், தானே வைக்க வேண்டும் என்று சேனைக்காகக் காத்திருந்தாள். என் மருமகள் யோசித்து, "முதல் சட்டையை நீங்கதான் போடணும், அண்ணி" என்றாள். அத்தை போட்ட சட்டை என்று அதை இன்றும் எடுத்து வைத்திருக்கிறார்கள்.

உரைகல்லில் வசம்பையும் ஜாதிக்காயையும் மாசிக்காயையும் இழைத்து நாக்கில் தடவும் பழக்கமும் இதே வகை. மருத்துவர் எழுதித் தரும் வைட்டமின் டி சொட்டு மருந்து போன்றவை தவிர வேறெதையும் வாயில் வைக்கக் கூடாது என்று மறுத்துவிடுங்கள். ஆனால் நான் செய்ததுபோல் டப்பாவை மேல்தட்டில் ஏற்றாதீர்கள். வசம்பைத் தொட்டில் கயிற்றில் பிள்ளையின் கைக்கு எட்டாத உயரத்தில் கட்டச் சொல்லலாம். கண்ணில் மை தீட்டுவதற்குப் பதிலாக உள்ளங்காலில் ஒரு திருஷ்டிப் பொட்டு வைக்கச் சொல்லலாம். திருப்பி அனுப்பப்பட்ட பொருளைத்தான் பாட்டிமார் மறப்பதில்லை. அந்த இருபத்து நான்கு துணிகளில் நான்கையாவது பால் கக்கினால் துடைக்க என்று தோளில் போட்டிருந்தால், நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

குளிப்பாட்டும் நேரம்

பாட்டிமார் கைத்திறன் தெரிகிற இடம் இது. இதை அவர்களிடமிருந்து பறிக்காமல், எல்லையை மட்டும் வகுத்துக்கொள்ளுங்கள். பிறந்து இருபத்து நான்கு மணி நேரம் கழித்தே முதல் குளியல். தொப்புள்கொடி விழும் வரை ஈரத்துணியால் துடைத்தால் போதும். கொடியின் மேல் எதையும் தடவக் கூடாது. அதன் பிறகு, மணையில் உட்கார்ந்து காலை நீட்டி, முழங்கைக்குச் சூடு சரிபார்த்து, பிள்ளையைக் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் இடையில் குப்புறப் போட்டு, சொம்பின் விளிம்பில் கையை அணையாக வைத்து முதுகில் நீர் வழிய விடுகிற அந்த லாவகம் எந்தப் புத்தகத்தைப் படித்தாலும் வராது. தடுக்க வேண்டியவை சில: மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, வாயால் மூக்கை ஊதுவது, மார்பைப் பிதுக்குவது, கைகால்களைப் பிடித்து உதறுவது, ஈரத்தலையைச் சாம்பிராணிப் புகையில் காட்டுவது. இவற்றைக் குளிக்கிற வேளையில் சொன்னால் சண்டையாகும். மருத்துவர் சொன்னதாக முதல் நாள் இரவே, அவரவர் பிள்ளை அவரவர் தாயிடம் சொல்லிவிட வேண்டும்.

தகப்பன் செய்ய வேண்டியது

தன் தாயிடம் சொல்ல வேண்டியதைத் தானே சொல்வது தகப்பனின் முதல் கடமை. "அவ வேண்டாம்ங்கிறாம்மா" என்று மனைவியின் மேல் போடாமல், "நாங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணியிருக்கோம்மா" என்று சொல்லிப் பழக வேண்டும். என் மகன் முதல் மாதம் முழுவதும் முதல் வாக்கியத்தைத்தான் சொன்னான்; அதன் பலனை என் மருமகள் அனுபவித்தாள். தகப்பனுக்கென்று பிள்ளையிடம் ஒரு வேலையும் இருக்க வேண்டும். பால் குடித்த பிள்ளையைத் தோளில் போட்டு ஏப்பம் விடச் செய்வது, இரவில் ஒரு முறை துணி மாற்றுவது என்று ஏதோ ஒன்று. பிள்ளையைத் தொடவே தெரியாத தகப்பனை இரண்டு பாட்டிகளும் இரண்டு பக்கமும் சாட்சிக்கு இழுப்பார்கள்.

பெயர் விஷயத்தில் அவசரப்படத் தேவையில்லை. பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். பெயர் இல்லாமலேயே பதியலாம். ஓராண்டுக்குள் கட்டணமின்றியும், அதன் பிறகு 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடனும் பெயரைச் சேர்க்க வழியுண்டு. ஆனால் ஒரு முறை பதிந்த பெயரை மாற்றுவது சுலபமன்று. அதனால் காப்புக்கட்டும் நாளில் குலதெய்வப் பெயரா, நட்சத்திர எழுத்தா என்று இரு வீட்டாரும் மோதிக்கொண்டால், காதில் அழைக்கும் பெயரை அன்று சொல்லிவிட்டு, பதிவுப் பெயரை ஒரு மாதம் கழித்துத் தாய் தகப்பன் மட்டும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். சீர்வரிசையை ஒப்பிட்டுப் பேசுகிறவர்களுக்குப் பதில் சொல்லாமல் இருப்பதே போதும்.

போட்டி என்று எண்ணக் கூடாத ஒன்று

இரண்டு பாட்டிகளும் பிள்ளையை மாறி மாறித் தூக்கிக்கொண்டிருக்கும்போது, பெற்றவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால் கவனியுங்கள். பிரசவத்துக்குப் பிறகு சில நாட்கள் காரணமில்லாமல் அழுவது பல பெண்களுக்கு வரும். இரண்டு வாரத்துக்குள் அது தணிந்துவிடும். அதைத் தாண்டியும் அழுகை, பிள்ளை தூங்கும்போதும் தனக்குத் தூக்கம் வராமை, பிள்ளையிடம் ஒட்டுதல் இல்லாமை, தான் இருந்து பயனில்லை என்ற பேச்சு ஆகியவை இருந்தால் அது மருத்துவம் பார்க்க வேண்டிய மனச்சோர்வு. "மாமியார் பேசினதால வந்தது", "தாய்வீட்டில் செல்லம் கொடுத்ததால் வந்தது" என்று காரணம் தேடிக்கொண்டிராமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துகொள்வேன் என்று பேசினால் அன்றே, அந்த மணியே. தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணில் அழைத்தும் ஆலோசனை கேட்கலாம். பிள்ளைக்கு உடம்பு கொதித்தாலும், உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் பரவினாலும், பால் குடிக்க மறுத்துச் சோர்ந்து கிடந்தாலும், எந்தப் பாட்டியின் கைவைத்தியம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

வேலைக்குத் திரும்புவதும் பிள்ளையை அழைத்து வருவதும்

மகப்பேறு விடுப்பு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். தமிழ்நாடு அரசு ஊழியராக இருந்தால் 12 மாதம். விடுப்பு முடியும் மாதத்தில் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி வரும்போது, அதுவரை போட்டி போட்டவர்கள் இருவரும் தங்கள் முழங்கால் வலியைப் பற்றிப் பேசத் தொடங்குவதும் உண்டு. நான் அதில் குற்றம் காண மாட்டேன். ஊட்டுவதும் ஓடுவதுமாக நாள் முழுவதும் பிள்ளை பார்ப்பது அறுபது வயதில் பெரிய வேலை. யாருக்கு எத்தனை நாள் முடியும் என்று அவர்களையே கேட்டு, மாதத்தைப் பிரித்து, மீதிக்குக் காப்பகமோ ஆளோ ஏற்பாடு செய்யுங்கள். பார்த்துக்கொள்கிற பாட்டியின் மருந்துச் செலவையும் பயணச் செலவையும் அவர் கேட்காமலே கொடுத்துவிடுங்கள்.

பிள்ளையைத் தகப்பன் வீட்டுக்கு அழைத்துச் செல்கிற நாளில் அம்மாச்சியின் மனத்தை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. நல்ல நேரம் பார்த்து, ஆரத்தி சுற்றி, எல்லோரும் வண்டியில் ஏறியதும், அந்த வீட்டில் காலியான தொட்டில் கயிறு மட்டும் உத்தரத்தில் தொங்கும். முடிந்தால் அம்மாச்சியும் உடன் சென்று இரண்டு இரவு தங்கி, பிள்ளை எந்தப் பக்கம் திரும்பினால் தூங்கும், எந்த அழுகைக்கு என்ன அர்த்தம் என்று அப்பத்தாவிடம் சொல்லிக் கொடுத்துவிட்டு வரட்டும். அப்பத்தா அதைத் தனக்குத் தெரிந்ததுதான் என்று இடைமறிக்காமல் கேட்டுக்கொள்ளட்டும். போகும்போது அங்கே தூளி கட்டியிருந்த பழைய நூல் சேலையை அவிழ்த்து எடுத்துப் போங்கள். அதைத் துவைக்க வேண்டாம். முதல் சில நாட்கள் பிள்ளை புது வீட்டில் அந்த வாடையில் தூங்கட்டும். "எங்க வீட்ல சேலை இல்லையா" என்று அப்பத்தா கேட்பார், நான் கேட்டேன். என் சம்பந்தியம்மாள் ஒன்றும் பேசாமல் சேலையின் ஒரு முனையை என் கையில் கொடுத்து, "நீங்க அந்தப் பக்கம் இழுத்துப் பிடிங்க, சம்பந்தி, நான் முடிச்சுப் போடறேன்" என்றார்.